அரளி இல்லாத நந்தவனம்

ஓம் சரவணபவ.

வழக்கமா விரதம், பாதயாத்திரை, சஷ்டின்னுதான் இங்க எழுதுவேன். இந்தக் கிருத்திகைக்கு ஒரு தோட்டத்தைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். பஸ்ல போகும்போது படிங்க.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வெயில்ல நடந்து களைச்சுப்போன ஔவைப் பாட்டி ஒரு நாவல் மரத்தடியில உட்கார்றாங்க. மேல கிளையில ஒரு மாட்டுக்காரப் பையன். சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு கேக்குறான். பழம் மண்ணுல விழுது, பாட்டி எடுத்து ஊதுறாங்க, பழம் சுடுதான்னு பையன் சிரிக்கிறான். இந்தக் கதையை நாம எப்பவும் ஔவையோட கர்வம் அடங்கின கதையாத்தான் கேட்டிருக்கோம். எனக்கு இப்போ வேற ஒண்ணு தெரியுது. முருகன் அந்தப் பாட்டிக்கு முதல்ல கொடுத்தது ஞானம் இல்லை, நிழல். அப்புறம் ஒரு குரல். கையில உருளுற பழம், ஒட்டியிருக்கிற மணல், நாக்குல துவர்ப்பு. ஞானம் கடைசியாத்தான் வந்துச்சு. ஆறுமுகமும் பன்னிரண்டு கையுமா முதல்லயே வந்து நின்னிருந்தா பாட்டி பயந்தே போயிருப்பாங்க.

இது எனக்குப் புரிஞ்சதுக்குக் காரணம் எங்க அப்பத்தா.

அப்பத்தாவுக்கு 82 வயசு. திண்டுக்கல் பக்கம் எங்க ஊர் முருகன் கோயில் வாசல்ல நாப்பது வருஷம் பூ கட்டி வித்தவங்க. விடியறதுக்கு முன்னாடி நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போய், ஏழு மணிக்குள்ள சாமிக்கு மாலையும் சனத்துக்கு முழம் பூவும் தயாரா வச்சிருப்பாங்க. எங்க அப்பா படிச்சதும், நான் இன்ஜினியரிங் படிச்சதும் அந்த வாழைநார்லதான் தொங்குது. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு டிமென்ஷியான்னு டாக்டர் சொன்னார். நாம மறதி நோய்னு சொல்றது.

வயசானா மறதி வரத்தான் செய்யும்னு நம்ம ஊர்ல சாதாரணமா சொல்லிடுறோம். இது அது இல்லை. மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாச் சேதமாகிற நோய். இதுல அதிகம் பேருக்கு வர்றது அல்சைமர் வகை. 2023-ல வெளியான பெரிய ஆய்வு ஒண்ணு, இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்குன்னு கணக்குச் சொல்லுது. அப்படிப் பார்த்தா நம்ம குரூப்லயே எத்தனை வீட்டுல இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. வெளிய சொல்றதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இது முதல்ல ஒரு பக் மாதிரிதான் தெரிஞ்சுது. சரி பண்ணிடலாம்னு இறங்கினேன். வீடு முழுக்க சீட்டு எழுதி ஒட்டினேன். போன்ல ரிமைண்டர் வச்சேன். அப்பத்தா சீட்டைக் கிழிச்சு மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க, ரிமைண்டர் சத்தம் கேட்டா பயந்தாங்க. சாயங்காலம் அஞ்சு மணி ஆனா, அம்பது வருஷமா வாழ்ற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு "வீட்டுக்குப் போகணும்யா, எங்கண்ணன் வந்துட்டானா?"ன்னு கேப்பாங்க. அவங்க அண்ணன் இறந்து இருபது வருஷம் ஆச்சு. உண்மையச் சொல்லணும்ல, அதனால நான் சொன்னேன். அப்பத்தா மாரடிச்சு அழுதாங்க. மறுநாள் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. அவங்களுக்கு ஒவ்வொரு நாளும் அண்ணன் அன்னைக்குத்தான் செத்தார். இதை நான் ஒரு வாரம் பண்ணியிருக்கேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச பாவங்கள்ல இதை முதல்ல எழுதுவேன்.

அந்தச் சமயத்துல சுவாமிமலை போயிருந்தேன். பிரணவத்தோட பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் சிறையில வச்சார், அப்புறம் சிவபெருமான் சீடனா வாய் பொத்திக் காது கொடுத்துக் கேட்டார், பிள்ளை சொன்னார். படி ஏறும்போது இதைத்தான் நினைச்சுக்கிட்டே போனேன். சிவனுக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சும் தெரியாதவரா உட்கார்ந்தார். பிள்ளையும், உங்களுக்குத்தான் தெரியுமே, என்கிட்ட ஏன் கேக்குறீங்கன்னு திருப்பிக் கேக்கலை. அப்பா கேட்டார், சொன்னார், முடிஞ்சுது. ஊருக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலம் அப்பத்தா "எங்கண்ணன் வந்துட்டானா?"ன்னு கேட்டப்போ, "அண்ணன் எப்படி இருப்பாரு அப்பத்தா? எனக்குச் சொல்லு"ன்னு பக்கத்துல உட்கார்ந்தேன். அரை மணி நேரம் சொன்னாங்க. மாட்டு வண்டி, சோளக்காடு, அண்ணன் வாங்கித் தந்த கண்ணாடி வளையல். அழவே இல்லை.

தோட்டத்துக்கு வர்றேன்.

தைப்பூசத்துக்கு அப்பத்தாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். வாசல்ல யாரோ ஒரு அக்கா மருக்கொழுந்து வித்துக்கிட்டு இருந்தாங்க. அப்பத்தா நேரா போய்க் கட்டுல கை வச்சு, ஒரு கொத்தைக் கசக்கி முகத்துக்கிட்ட கொண்டுபோனாங்க. அப்புறம் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாரை எடுத்து, ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுத்து, ஒரு முடிச்சு. விரல் அவ்வளவு வேகமாப் போகுது. என் பேரு தெரியாது. அன்னைக்குக் காலையில சாப்பிட்டதும் தெரியாது. முடிச்சு தெரியுது.

அப்புறம் படிச்சுப் பார்த்தேன். கை பழகின வேலைக்கான நினைவு, பேரு, தேதி, சம்பவம் மாதிரியான நினைவை விட ரொம்ப நாள் தங்குமாம். வாசனையும், மத்த புலன்கள் மாதிரி சுத்திப் போகாம, மூளையில உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய இடங்களுக்கு நேரா போகுது. இதுல ஒரு விஷயம் பாதிப் பேர் சொல்ல மாட்டாங்க: அல்சைமர் வந்தவங்களுக்கு மோப்ப சக்தி சீக்கிரமே குறைய ஆரம்பிக்கும். அதனால சும்மா மல்லிகைப் பந்தல் போட்டா போதாது. கையில கசக்கினா குப்புன்னு வர்ற இலைகள் வேணும். தொட்டா கரடுமுரடா, மெத்துன்னு, வழவழன்னு வித்தியாசம் தெரியணும். கண்ணுக்கு, காதுக்கு, நாக்குக்குன்னு எல்லாத்துக்கும் இருக்கணும். இந்த மாதிரித் தோட்டங்களை வெளிநாட்டுல முதியோர் இல்லங்கள்லயும் பொதுப் பூங்காக்கள்லயும் நிறைய வைக்கிறாங்க. நம்ம கோயில் நந்தவனத்துக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்லைன்னு எனக்குத் தோணுச்சு.

இங்க ஒரு சந்தேகம் வரும். ஐம்புலனை அடக்கணும்னுதானே பெரியவங்க பாடியிருக்காங்க? அருணகிரிநாதரே புலன்கள் தன்னை இழுத்துட்டுப் போறதை நினைச்சு எவ்வளவு புலம்பியிருக்கார்? உண்மைதான். ஆனா அடக்குறது நமக்குச் சொன்னது. ரீல்ஸ் பார்த்துக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கிற எனக்குச் சொன்னது. ஆறாவது அறிவு மங்கிப்போன ஒரு ஆத்துமாவுக்கு மிச்சம் இருக்கிற வாசல் அந்த அஞ்சுதான். கோயில்ல நாம என்ன பண்றோம்? மணி அடிக்கிறோம், சந்தனம் பூசுறோம், கற்பூரம் காட்டுறோம், பஞ்சாமிர்தத்தை நாக்குல வைக்கிறோம். மந்திரத்தோட பொருள் தெரியாத குழந்தைக்கும் சாமி போய்ச் சேர்றது இந்த வழியிலதானே? திருமுருகாற்றுப்படையில நக்கீரர் முருகன் இருக்கிற இடங்களை அடுக்கும்போது ஆறு படைவீட்டோட நிறுத்தலை. காடு, சோலை, ஆத்து நடுவுல இருக்கிற திட்டு, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பு, ஊர்ப் பொதுமன்றம்னு சொல்லிக்கிட்டே போறார். பொது இடம்னாலே அவர் இருக்கிற இடம்தான்.

கோயிலை ஒட்டிப் பேரூராட்சிக்குச் சொந்தமான ஒரு பூங்கா இருந்துச்சு. பூங்கான்னு பலகை இருந்துச்சு, உள்ள சீமைக் கருவேலமும் உடைஞ்ச சறுக்குமரமும். மனு, நினைவூட்டல், மறுபடி மனுன்னு ரெண்டரை மாசம் அலைஞ்சோம். எங்க பாதயாத்திரைக் குழுப் பசங்க அந்த வருஷம் பேனர் அடிக்க வச்சிருந்த காசை இதுக்குக் கொடுத்தாங்க. வைகாசி விசாகத்தன்னைக்கு முதல் செடி.

பாதைதான் முதல்ல யோசிச்சது. மறதி நோய் இருக்கிறவங்க நடந்துக்கிட்டே இருப்பாங்க. முட்டுச்சந்து வந்தா திகைச்சு நிப்பாங்க, கோபப்படுவாங்க. அதனால பாதை சுத்தி வந்து புறப்பட்ட இடத்துலயே சேரணும்னு எல்லாக் கையேட்டுலயும் இருக்கு. இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பிரகாரம்! பிரகாரத்துல யாரும் தொலைஞ்சு போறதில்லை. அஞ்சடி அகலத்துல, சக்கர நாற்காலி போற மாதிரி, வலமா ஒரு சுத்துப் பாதை போட்டோம். அழகுக்காகப் பாதைக்குக் குறுக்க ஒரு பட்டை கருங்கல் சில்லு பதிச்சேன். அப்பத்தா அதுக்கிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. காலைத் தூக்குறாங்க, இறக்குறாங்க, வர மாட்டேங்கிறாங்க. அவங்க கண்ணுக்கு அது பள்ளம். மறுநாளே பேத்து எடுத்துட்டு, பாதை முழுக்க ஒரே நிறம், மினுங்காத சிமெண்ட் பூச்சு. நாவல் மரக்கன்னை ஓரத்துல, பாதையை விட்டுத் தள்ளி வச்சதும் இதனாலதான். பழம் விழுந்து கறை பட்டா தரையெல்லாம் பள்ளமாத் தெரியும், வழுக்கவும் செய்யும்.

வயசான கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒண்ணோட ஒண்ணு குழம்பும், சிவப்பும் மஞ்சளும் நல்லாத் தெரியும். அதனால திருப்பத்துக்குத் திருப்பம் வெட்சி. இட்லிப்பூன்னு சொல்வோமே, அதேதான், முருகனுக்கு உகந்தது. வாசல் எதுன்னு தெரியறதுக்கு ஆறடிச் சிவப்பு வேல். குனிய முடியாதவங்களுக்குக் கிணத்து உறை சிமெண்ட் வளையத்தை ரெண்டரை அடி உயரத்துக்கு அடுக்கி மண் நிரப்பினோம். நின்னுக்கிட்டே, நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே தொடலாம். அதுல கற்பூரவல்லி, துளசி, மருக்கொழுந்து, திருநீற்றுப் பச்சிலை. கற்பூரவல்லி இலை மேல இருக்கிற பூனைமுடியைத் தடவத் தடவ அப்பத்தா முகம் தளரும். தொட்டு அறியறதுதான் முதல் அறிவு, புல்லுக்கும் மரத்துக்கும் இருக்கிறது அதுன்னு தொல்காப்பியர் வகுத்து வச்சிருக்கார். இலையும் அப்பத்தாவும் அந்த ஒரு அறிவுல சந்திச்சுக்கிறாங்கன்னு நினைச்சுக்குவேன்.

மூணாவது நாளே மயில் வந்து நாத்தையெல்லாம் கொத்திட்டுப் போயிடுச்சு. யார்கிட்ட கம்ப்ளைண்ட் பண்றது? வாகனம் அவரோடது. வலை கட்டினோம்.

எந்தக் கடம்புன்னு குரூப்ல ரெண்டு நாள் சண்டை. கடைசியில மஞ்சள் பந்தாப் பூக்கிற கடம்பு வச்சோம். இப்போ என் தப்பைச் சொல்றேன்.

நான் ஒரு ஷீட்ல முருகனுக்கு உகந்த பூவெல்லாம் பட்டியல் போட்டிருந்தேன். வெட்சி, கடம்பு, காந்தள், செவ்வரளி. செங்காந்தள் நம்ம மாநில மலர், முருகன் தலையில காந்தள் கண்ணி சூடியிருக்கார்னு நக்கீரரே சொல்றார். ஆனா கிழங்கிலிருந்து பூ வரைக்கும் விஷம். அதை நானே அடிச்சிட்டேன். அரளியை அடிக்க மனசு வரலை. நாப்பது வருஷம் அப்பத்தா கட்டின செவ்வரளி மாலை. அந்தப் பூவைப் பார்த்தாத்தான் அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. நர்ஸா இருக்கிற பக்கத்து வீட்டு அக்கா, "வேணாம் தம்பி, இவங்க எதை வாயில போடுவாங்கன்னு சொல்ல முடியாது"ன்னு சொன்னாங்க. தொட்டுப் பழகினவங்கதானேக்கான்னு சொல்லிட்டு, வேலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு செவ்வரளி நட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்னைக்குக் காலை. நான் போன்ல வேலுக்குப் படம் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தப் பக்கத்துல போடறதுக்குத்தான். திரும்பிப் பார்த்தா அப்பத்தா எதையோ மெல்றாங்க. விரல் விட்டு எடுத்தேன். அரளி மொட்டு, பாதி. அரளியில இருக்கிற விஷம் நேரா இதயத்துடிப்பைத் தாக்கும். ஆட்டோல போறப்போ அப்பத்தா நிம்மதியா வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தாங்க. நான்தான் நடுங்கினேன். ராத்திரி முழுக்க ஈ.சி.ஜி. கம்பி மாட்டிப் படுக்க வச்சிருந்தாங்க. திரையில அந்தக் கோடு ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிட்டே கந்த சஷ்டி கவசம் சொன்னேன். உடம்புல ஒவ்வொரு உறுப்பையும் காக்கச் சொல்லிக் கேக்குற கவசம் அது. மார்பு வர்ற இடத்துல என்னால மேல சொல்ல முடியலை. காக்கச் சொல்லி அவரைக் கேக்குறேன், விஷத்தை நட்டது நான்.

ஒண்ணும் ஆகலை. காலையில டீ கேட்டாங்க.

அன்னைக்கே அரளியைப் பிடுங்கப் போனேன். கோயில் கமிட்டிப் பெரியப்பா ஒருத்தர் தடுத்தார். "ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் சாமி பூவை வேரோட பிடுங்குவியா? பழனியாண்டவரே நவபாஷாணம்தான்டா. அவர்கிட்ட விஷமே மருந்தாகும்." கூட்டம் கூடிடுச்சு. எனக்குப் பதில் தெரியலை. பூசாரித் தாத்தா திருநீத்துத் தட்டோட வந்தார். "ஆகும்யா. ஆனா அதைச் செஞ்சவரு போகரு. இங்க யாராச்சும் போகரு இருக்கீகளா?" யாரும் பேசலை. "ஆலகாலத்தைத் தன் தொண்டையில வாங்கிக்கிட்டு ஊரைக் காப்பாத்தினவரோட பிள்ளை அவரு. அரளி அவருக்குப் போதும், கிழவி வாயில எதுக்கு? மார்க்கெட்ல மாலை கிடைக்குதுல்ல, காசு கொடுத்து வாங்கிட்டு வாங்க." முதல் மண்வெட்டி அவர்தான் போட்டார். அந்தப் பெரியப்பா அப்புறம் ஒரு மாசம் என்கூடப் பேசலை. இப்போ அவர் வீட்டுப் பெரியம்மாவைத் தினமும் கூட்டிட்டு வர்றார். அவங்களுக்கும் மறதி இருக்குங்கிறது எங்க யாருக்கும் அதுவரைக்கும் தெரியாது.

இப்போ பதினோரு குடும்பம் வருது. தோட்டம் நோயைக் குணமாக்காது, அப்படி யாராவது பார்வர்டு அனுப்பினா நம்பாதீங்க. ஒரு அம்மா ரெண்டு நாள் வந்தாங்க, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அழுதாங்க, அப்புறம் வரலை. ரிட்டயர்டு கண்டக்டர் தாத்தா ஒருத்தர் பேசவே மாட்டார். பெஞ்சுல உட்கார்ந்திருப்பார், யாராவது சுத்துப் பாதையில அவரைத் தாண்டினா "ரைட், ரைட்"னு குரல் கொடுப்பார். அப்பத்தா அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும்னு கிளம்பும்போது நானும் கூடவே கிளம்புறேன். "வா அப்பத்தா, போவோம்." வேலைச் சுத்தி, வெட்சியைத் தாண்டி, கற்பூரவல்லியைக் கிள்ளி, மறுபடி வேல். நாலு சுத்து, அஞ்சு சுத்து. எந்தச் சுத்துல மனசு அடங்கும்னு தெரியாது, ஒரு நாள் அடங்காமலே இருட்டிடும்.

போன கிருத்திகைக்கு மருக்கொழுந்தும் மல்லிகையும் வெட்சியும் பறிச்சு முன்னாடி வச்சேன். ரெண்டு முழம் கட்டினாங்க. கை முட்டி வரைக்கும் வச்சு அளந்து, நாரைப் பல்லால கடிச்சு அறுத்து, என்கிட்ட நீட்டினாங்க.

"கோயிலுக்கா தம்பி போறீக?"

"ஆமா, அப்பத்தா."

"சாமிக்குச் சாத்திருங்க. காசு வேணாம்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "எம் பேரனும் உங்கள மாதிரித்தான் இருப்பான். கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறான்."

பூசாரித் தாத்தா அதை மூலவர் தோள்ல சாத்தினார். பக்கத்துல கடையில வாங்கின அரளி மாலையும் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்குத் தோட்ட வேலை இருக்கு. அக்கம்பக்கத்து ஊர்ப் பசங்க வரலாம். மண்வெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, மருக்கொழுந்து நாத்துக் கிடைச்சா ரொம்பச் சந்தோஷம். வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, முன்கூட்டியே சொல்லணும்னு அவசியம் இல்லை. அரளி மட்டும் வேண்டாம்.

வேலும் மயிலும் துணை.